ஒளி அலையோ, துகளோ? உங்கட கேள்விகளும் என்ர பதில்களும்

உயர்தரப் பிள்ளையளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறனான். ஒளியைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள், ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

யாழ்ப்பாணம் குருநகரில இருந்து ஒரு தம்பி: தண்ணிக்குள்ள நிக்கிற மீனை நேர பாத்துக் குத்தினாலும் ஈட்டி மேலால போகுது. ஏன் சேர்?

நீங்கள் பாக்கிற இடத்தில மீன் இல்லை, தம்பி. ஒளி வெற்றிடத்தில செக்கனுக்கு 299,792 கிலோமீற்றர் ஓடும்; தண்ணிக்குள்ள அந்த வேகத்தில முக்கால்வாசிதான். சரிவாத் தண்ணியை விட்டு வெளிய வரேக்க அதின்ர பாதை முறியும். கண்ணுக்கு அது தெரியாது, நேர்கோட்டில வந்த மாதிரித்தான் எடுக்கும். அதால மீன் மேல நிக்கிற மாதிரித் தெரியுது. நேர மேல இருந்து பாத்தாலே 4 அடி ஆழம் 3 அடியாத்தான் தெரியும். தெரியிற மீனுக்குக் கீழ குத்துங்கோ.

பண்ணைப் பாலத்தில பின்னேரம் பாத்தால் சூரியன் ஏன் சிவப்பு?

அடிவானத்தில இருந்து வாற ஒளி கூடத் தூரம் காத்துக்குள்ளால வரவேணும். நீலம் வழியிலயே சிதறிப்போகும், சிவப்பு மிஞ்சும். மத்தியானம் வானம் நீலமாத் தெரியிறதும் அப்பிடிச் சிதறின ஒளியாலதான்.

உயர்தர மாணவி: அலை எண்டும் இருக்கு, துகள் எண்டும் இருக்கு. எதை நம்புறது?

ரெண்டையும், பிள்ளை. முதல்ல அலையைக் கண்ணாலயே பாருங்கோ. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மயிரிழை இடைவெளி விட்டுக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, யன்னல் வெளிச்சத்தைப் பாருங்கோ (சூரியனைப் பாக்கக் கூடாது). இடைவெளிக்குள்ள கறுப்பு நூல் மாதிரிக் கோடுகள் நிக்கும். துகள் மட்டும் எண்டால் அந்தக் கோடுகள் வராது. அலை விளிம்பில வளைஞ்சு, ஒண்டோட ஒண்டு சேருற இடம் வெளிச்சம், ஒண்டை ஒண்டு அழிக்கிற இடம் இருட்டு.

இனி மற்றப் பக்கம். நாக (zinc) உலோகத் தகட்டில புற ஊதா (கண்ணுக்குத் தெரியாத ஒளி) பட்டால் இலத்திரன் (அணுவுக்குள்ள இருக்கிற நுண்துகள்) வெளிய வரும். சிவப்பு ஒளியை எவ்வளவு கூட்டி அடிச்சாலும் ஒண்டும் வராது. மாங்காய்க்கு நூறு பூவரசம்பூ எறிஞ்சாலும் விழாது, ஒரு கல்லுப் போதும். ஒளி பொட்டலம் பொட்டலமாச் சக்தியைக் கொண்டுவருது, மீடிறன் (அலை செக்கனுக்கு எத்தினை தரம் அதிருது எண்டது) கூடினால் பொட்டலத்தின்ர சக்தியும் கூடும்; புற ஊதாவுக்கு அது சிவப்பை விடக் கூட. 1905இல ஐன்ஸ்டைன் சொன்னது இதுதான். 1921ஆம் ஆண்டு நோபல் பரிசும் இதுக்குத்தான், சார்புக் கொள்கைக்கில்லை. பரீட்சையில இதை மாறி எழுதிப்போடாதேங்கோ.

சூரியன் திடீரெண்டு அணைஞ்சால் உடன தெரியுமோ?

இல்லை. கிட்டத்தட்ட 8 நிமிடம் 20 செக்கன் பிந்தித்தான் தெரியும்.

ஒரு அம்மா: மகன் மேசை விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைச்சாலே மங்குது எண்டுறான். விளக்குப் பழுதோ?

பழுதில்லை அம்மா. ஒரு முழத்தில ஒரு கொப்பிப் பக்கத்தில விழுற வெளிச்சம், இரண்டு முழத்தில நாலு பக்கத்துக்குப் பரவும். கிடைக்கிறது கால்வாசிதான். 1990க்குப் பிறகு யுத்தத்தால யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சில துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படிச்சனாங்கள். நாலு பேரும் தலை முட்ட முட்ட விளக்கடியில குனிஞ்சிருப்பம். பின்னுக்கு இருந்தால் எழுத்துத் தெரியாது. மகனுக்கும் விளக்கைக் கிட்ட இழுத்து வைச்சு விடுங்கோ.