நாலு மூவில் தோற்றவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாகச் செஸ் கற்றுக்கொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே பதிமூன்று மூவில் தோற்றுவிட்டாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, பெரிய போட்டிகளில் சீக்கிரமே தோற்றவர்களைப் பற்றிய ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அதில் 1933 ஒலிம்பியாடில் கோம்ப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நாலே மூவில் தோற்கிறார். சிரித்துவிட்டாள். அப்புறம், “இவரை எப்படிப்பா ஒரு நாட்டுக்காக ஆட விட்டாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதுகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்டதை அந்த வீடியோ எடுத்தவர் கேட்டிருக்க வேண்டும். நாலு மூவில் தோற்ற அந்த ராபர்ட் ஃபோர்ப்ஸ் கோம்ப், 1946இல் பிரிட்டிஷ் சாம்பியன். இதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம்.

1912இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் மாவட்டத்தில் பிறந்தவர். அபர்தீனுக்கும் இன்வர்னெஸ்ஸுக்கும் நடுவில் எல்ஜின் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. கோம்ப் அந்த ஊர்க்காரராகத்தான் அறியப்பட்டார். செஸ்ஸை நம்பிப் பிழைத்தவர் இல்லை. 1933இல் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஃபோக்ஸ்டோன் என்ற ஊரில், நாடுகள் அணி அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாட் ஐந்தாவது முறையாக நடந்தது. 2022இல் நம் மாமல்லபுரத்தில் நடந்தது நாற்பத்து நாலாவது. ஃபோக்ஸ்டோனில் பிரான்ஸ் அணிக்கு அப்போதைய உலக சாம்பியன் அலெகின் ஆடினார். இங்கிலாந்து அணிக்கு பஞ்சாபிலிருந்து போன சுல்தான் கான் ஆடினார். அந்தக் கூட்டத்தில் இருபத்தொரு வயதுகூட நிறையாத கோம்ப், லாட்வியாவின் ஹாசன்ஃபுஸ்ஸுக்கு எதிரே வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தார்.

போர்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கறுப்பு தன் ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. வெள்ளையும் அதே வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள, கறுப்பு நடுச் சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுக்கிறது. அடுத்து அந்தச் சிப்பாயைத் திரும்ப வெட்டப் போகிறது, அவ்வளவுதான். அப்போது கறுப்பு, ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி அதைக் காக்கிறது. இப்படி வந்து நின்ற புதுச் சிப்பாய்க்குக் காவல் எதுவும் இல்லை. வெள்ளைக் குதிரை அதை எடுத்தது.

கறுப்பு ராணி சாய்வாகப் போய் போர்டின் ஓரத்தில் நின்றது. செக். அதே ராணி குறுக்கு வரிசையில் அந்தக் குதிரையையும் பார்க்கிறது. செக்கை எந்தக் காயால் மறைத்தாலும் அதே காயால் குதிரையைக் காக்க முடியாது. கோம்ப் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஒலிம்பியாடில் ஆடி வெற்றி தோல்வி கண்ட ஆட்டங்களில் இதுதான் மிகச் சின்னது என்று இன்றுவரை எழுதுகிறார்கள்.

இதைப் படுமுட்டாள்தனமான ஆட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ராணி வந்து நின்ற இடத்துக்கும் வெள்ளை ராஜாவுக்கும் நடுவில் உள்ள சாய்வு வரிசை, வெள்ளையின் முதல் மூவிலேயே திறந்துவிட்டது. ராணி வெளியே வர வேண்டிய வழியைத் திறந்தது கறுப்பின் முதல் மூவ். குறுக்கு வரிசை காலியானது இரண்டாவது மூவில். ஒவ்வொன்றும் நல்ல மூவ்தான். மூன்றும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை ஒரு நொடி பார்க்கத் தவறினார். கண் குதிரையின் மேல் இருந்தது, கை முந்திவிட்டது. போட்டியில் உட்கார்ந்து ஆடிய எல்லோருக்கும் இந்த நொடி தெரியும்.

நம் விஸ்வநாதன் ஆனந்தே 1988இல் பீல் நகரத்தில் கொலம்பியாவின் ஸபாட்டாவிடம் ஆறு மூவில் தோற்றிருக்கிறார். அதே வருடம்தான் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனந்தை யாரும் அந்த ஆறு மூவை வைத்து நினைப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு நடுவில் அது ஒரு ஓரமாகக் கிடக்கிறது. அமெச்சூர்களுக்கு அந்த வசதி கிடையாது. வேலை, குடும்பம் போக மிஞ்சிய நாளில் ஆடுகிறவர்கள் அவர்கள். பதிவாகிற ஆட்டங்கள் கொஞ்சம், அதில் ஒன்று இப்படி ஆகிவிட்டால் அதுவே ஆளின் அடையாளம் ஆகிவிடுகிறது. கோம்ப் விஷயத்தில் எனக்கு இருக்கும் வருத்தமெல்லாம் இதுதான்.

அவர் அதோடு விடவில்லை. 1938க்குப் பிறகு பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் நடக்கவே இல்லை. போர் வந்துவிட்டது. எட்டு வருடம் கழித்து 1946இல் நாட்டிங்ஹாமில் மறுபடி தொடங்கியது. அதே நகரத்தில்தான் பத்து வருடம் முன்னால் பின்னாளில் உலக சாம்பியனான போட்வின்னிக்கும் முன்னாள் உலக சாம்பியன் கபாப்ளாங்காவும் ஒரு பெரிய போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே வடக்கிலிருந்து வந்த கோம்ப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போவார் என்று யாரும் நினைக்கவில்லை. அது சுற்று சுற்றாக, நாள் கணக்கில் ஆடுகிற போட்டி. ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தால் ஒரு ஆட்டத்தை ஜெயிக்கலாம், அந்தப் போட்டியை ஜெயிக்க முடியாது. ஃபோக்ஸ்டோனுக்கும் நாட்டிங்ஹாமுக்கும் நடுவில் பதிமூன்று வருடம். அவர் 1952 பிப்ரவரியில் இறந்தார், நாற்பது வயதுகூட நிறையவில்லை.

ஸ்காட்லாந்து செஸ்ஸே இப்படி வேறு வேலைக்கு நடுவில் ஆடியவர்களால் நின்றது. வில்லியம் ஃபேர்ஹர்ஸ்ட் பாலம் கட்டும் பொறியாளர். இங்கிலாந்தில் பிறந்து வேலைக்காக ஸ்காட்லாந்து போனவர். 1927இல் ஸ்கார்பரோவில், பின்னாளில் இரண்டு தடவை உலகப் பட்டத்துக்கு மோதிய போகல்யூபோவைத் தோற்கடித்தார். 1937இல் பிரிட்டிஷ் சாம்பியன், ஸ்காட்லாந்து சாம்பியனாகப் பதினொரு தடவை. டண்டீ நகரத்தில் டே ஆற்றின் மேல் 1966இல் திறந்த, இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமான சாலைப் பாலம் அவர் வடிவமைத்தது. இன்றும் அதில் வண்டிகள் போகின்றன. ஜேம்ஸ் எய்ட்கன் பத்து தடவை ஸ்காட்லாந்து சாம்பியன். போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைத்தவர்களில் ஒருவர்.

வீடியோவைக் காட்டியதில் தப்பில்லை. பேசாமல் இருந்த குழந்தை சிரித்தது நல்லதுதான். ஆனால் இப்போது போர்டில் அந்த ஆட்டத்தை மூன்றாவது மூவ் வரை வைத்து, வெள்ளைப் பக்கம் அவளை உட்காரச் சொல்லுங்கள். குதிரையால் அந்தச் சிப்பாயை எடுக்காமல் வேறு என்ன ஆடலாம் என்று கேளுங்கள். நானாக இருந்தால் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவேன். அவள் வேறு மூவ் சொன்னால் எனக்கு எழுதுங்கள், நானும் போர்டில் வைத்துப் பார்க்கிறேன். அவளுடைய அந்தப் பதிமூன்று மூவையும் அனுப்பச் சொல்லுங்கள்.