வீட்டில் கட்டும் விமானம்: எந்த என்ஜின் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், என்ஜின் செலவு பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

சுபாரு காரின் இஜே25 என்ஜின் காயலான் கடையில் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. விமானத்துக்கென்றே செய்த லைகோமிங் ஓ-320 என்ஜின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. கார் என்ஜினைப் போட்டால் என்ன?

போடலாம். ஆனால் இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. லைகோமிங் நிமிடத்துக்கு 2700 சுற்றில் முழுத் திறனையும் தந்துவிடும். ப்ரொப்பெல்லரை நேரே க்ராங்கில், அதாவது என்ஜினின் சுழலும் தண்டில், மாட்டலாம். சுபாரு அதே திறனைத் தர 5000 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். ப்ரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுற்றவிட்டால் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும், இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே நடுவில் வேகத்தைக் குறைக்க ஒரு கியர்பாக்ஸோ பெல்ட்டோ வேண்டும். அதுவும் அந்த க்ராங்கின் முறுக்கு அதிர்வுக்குத் தாக்குப்பிடிப்பதாக இருக்க வேண்டும். இங்கேதான் பணம் கரைய ஆரம்பிக்கும்.

அப்புறம் ரேடியேட்டர், அதற்குக் காற்று போகும் வழி, என்ஜினைத் தாங்கும் மவுண்ட், எக்ஸாஸ்ட், என்ஜினை மூடும் கவுலிங். எரிபொருள் பம்பும் தீப்பொறியும் மின்சாரத்தை நம்பியிருப்பதால் இரண்டாவது பேட்டரி, இரண்டாவது பம்பு. லைகோமிங்கில் தீப்பொறியைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோவுக்குப் பேட்டரியே வேண்டாம். இவ்வளவையும் சேர்த்தபின் எடையிலும் பெரிய லாபம் இருக்காது.

இதைவிடப் பெரிய தொகை விற்கும்போது தெரியும். ஒரு பேச்சுக்கு, 30,000 டாலருக்கு வாங்கிய லைகோமிங் பத்து வருடம் கழித்து 20,000 பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து 14,000 டாலர் விழுங்கிய சுபாருவுக்கு வாங்குகிறவர் 2,000 தருவார். செலவு எது? முதலாவதில் 10,000, இரண்டாவதில் 12,000. கட்டியவர் வருடாந்திரச் சோதனையைத் தானே செய்துகொள்ள உதவும் ரிப்பேர்மேன் சான்றிதழ் அடுத்த உரிமையாளரிடம் இருக்காது. அந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும். பழக்கமில்லாத என்ஜினில் கையெழுத்துப் போட அவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தையும் சேர்த்துத்தான் பேரம் நடக்கும். குடைந்து குடைந்து வேலை பார்ப்பதே உங்களுக்குச் சந்தோஷம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சிக்கனத்துக்காகச் செய்யாதீர்கள்.

ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ் என்ற சின்ன விமான என்ஜின் விலை கூடுதல், ஆனால் சாதாரண பெட்ரோலில் ஓடும். மிச்சமாகும் எரிபொருள் செலவிலேயே விலை வித்தியாசம் கழிந்துவிடாதா?

ஓரளவுதான். 100 குதிரைத்திறனில் முக்கால் பங்கைப் பயன்படுத்திப் பறந்தால் மணிக்குச் சுமார் 20 லிட்டர், அதாவது ஐந்து கேலனுக்குச் சற்று மேல். விமானப் பெட்ரோலைவிடக் கேலனுக்கு 2 டாலர் குறைவு என்று வைத்தால் மணிக்குப் பத்துப் பதினொரு டாலர் மிச்சம். வருடத்துக்கு 50 மணி நேரம் பறப்பவருக்கு ஐந்நூற்றுச் சொச்சம். மலிவான என்ஜினோடு 10,000 டாலர் வித்தியாசம் என்றால், அதை இப்படி ஈடுகட்டச் சுமார் இருபது வருடம் ஆகும். இதற்கிடையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் குழாய்களை மாற்றும் செலவும் உண்டு.

விலையை 2000 மணி நேர ஓவர்ஹால் கெடுவால் (என்ஜினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் கெடு) வகுத்து ‘மணிக்கு இவ்வளவு’ என்று போடும் கணக்கையும் நம்பாதீர்கள். வருடத்துக்கு 50 மணி நேரம் பறந்தால் 2000 மணி நேரம் முடிய 40 வருடம்! மணிகள் தீருமுன் வருடங்கள் தீர்ந்துவிடும். ரோடாக்ஸை வாங்க நல்ல காரணம் அதன் எடைதான்: அதே 100 குதிரைத்திறன் தரும் கான்டினென்டல் ஓ-200ஐவிட நன்றாகவே லேசு. சின்ன விமானத்தில் அதற்கு ஈடு கிடையாது.

விமானத்துக்காக மாற்றியமைத்த ஃபோக்ஸ்வாகன் கார் என்ஜினும் 80 குதிரை, சின்ன ரோடாக்ஸும் 80 குதிரை. மலிவானதை எடுத்தால் போதாதா?

உங்கள் விமானத்தைப் பொறுத்தது. ஃபோக்ஸ்வாகன் கியர் இல்லாமல் 3400 சுற்று வாக்கில் ஓடுவதால் சின்ன ப்ரொப்பெல்லர்தான் போட முடியும். சோனெக்ஸ் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் லேசான விமானத்துக்கு அது பொருத்தம். காற்றை முட்டி நிற்கும் இரட்டைச் சிறகிக்கு ஆகாது. நீண்ட ஏற்றத்தில் சிலிண்டர் தலை சூடாகும், கண் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி உதிரிபாகம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பறக்கும் என்ஜின் வேறில்லை. கார் வம்சத்தில் நான் தயங்காமல் கைகாட்டுவது இதைத்தான்.

இப்படிக் கார் என்ஜினை மாற்றிப் போட்டால், தொடக்கத்தில் செய்ய வேண்டிய சோதனைப் பறப்பு கூடுமா?

கூடும். சான்று பெற்ற என்ஜின்–ப்ரொப்பெல்லர் ஜோடிக்கு வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40.

பதினைந்து வருடம் சும்மா கிடந்த ஓ-320 ஒன்று மலிவாக வருகிறது. லாக்புக்கில் ஓவர்ஹாலுக்குப் பின் 300 மணி நேரம்தான். வாங்கலாமா?

300 மணி நேரத்தைப் பார்க்காதீர்கள், பதினைந்து வருடத்தைப் பாருங்கள். லைகோமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் க்ராங்குக்கு மேலே இருக்கிறது. என்ஜின் ஓடாவிட்டால் எண்ணெய் வடிந்து அதுதான் முதலில் துருப்பிடிக்கும். ஒரு சிலிண்டரைக் கழற்றி கேமைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ப்ரொப்பெல்லர் தரையில் அடித்த வரலாறு உண்டா என்றும் விசாரியுங்கள். விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றால், ஓவர்ஹாலுக்குப் போக வேண்டிய என்ஜினுக்கு என்ன விலையோ அதை மட்டும் சொல்லுங்கள்.