கணினி கேள்வி–பதில்: சொந்த வழங்கியில் வேர்ட்பிரஸ்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காக மாத வாடகைக்கு, லினக்ஸ் வகையான உபுண்டு இயங்கும் ஒரு வழங்கியை (சர்வர்) எடுத்து, அதில் அப்பாச்சி (இணைய வழங்கி மென்பொருள்), பிஎச்பி (நிரல்மொழி), மரியாடிபி (தரவுத்தளம்) ஆகியவற்றோடு, தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸையும் நிறுவியிருக்கிறேன். தளம் திறக்கிறது. ஆனால் செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒன்றைச் சேர்க்க முயலும்போதெல்லாம் எஃப்டிபி (கோப்புகளை வழங்கிக்கு அனுப்பும் முறை) பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. நண்பர் ஒருவர் சொன்னபடி எல்லாக் கோப்புறைகளுக்கும் 777 அனுமதி கொடுத்தேன், அப்போதும் கேட்கிறது. என்ன செய்வது?
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்த 777 அனுமதியை இன்றே நீக்கிவிடுங்கள். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பினர் உண்டு. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று கூட்டி வருவதே ஒவ்வொரு தரப்புக்குமான எண். மூன்றாவது இலக்கமும் 7 ஆக இருந்தால், அந்த வழங்கியிலுள்ள எந்தக் கணக்கும் உங்கள் தளத்தின் கோப்புகளை மாற்றி எழுத முடியும்.

இவ்வளவு திறந்துவிட்டும் பயன் கிட்டாததற்குக் காரணம், உங்கள் சிக்கல் அனுமதியில் இல்லை, உரிமையில் இருக்கிறது என்பதுதான். வேர்ட்பிரஸ் தன் கோப்புறையில் எதையும் நேரடியாகச் சேர்ப்பதற்கு முன்பு, ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்த்து, அதன் உரிமையாளரும் வேர்ட்பிரஸ் கோப்புகளின் உரிமையாளரும் ஒருவர்தானா என்று ஒப்பிடுகிறது. நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து கோப்புகளை ஏற்றியிருப்பீர்கள். பிஎச்பியோ, உபுண்டுவின் வழக்கப்படி, இணைய வழங்கிக்கென்று ஒதுக்கப்பட்ட வேறொரு கணக்கில் இயங்குகிறது. இரண்டும் பொருந்தாதபோது, கோப்புகளுக்கு உரியவராகவே உள்ளே வர எண்ணி வேர்ட்பிரஸ் எஃப்டிபி விவரங்களைக் கேட்கிறது. அனுமதி எண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் உரிமையாளரின் பெயர் மாறப்போவதில்லை.

கோப்புகள் அனைத்தையும் இணைய வழங்கியின் கணக்குக்கே உரியவையாக்கினால் கேள்வி உடனே நின்றுவிடும்; பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நான் பரிந்துரைப்பது வேறு வழி. தளத்துக்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, கோப்புகளை அதற்கு உரியவையாக்கி, பிஎச்பியை இயக்கும் சேவையான பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஒரு தனித் தொகுதியை அமைத்து, பிஎச்பியும் அதே கணக்கில் இயங்குமாறு செய்யுங்கள். நாளை அதே வழங்கியில் இன்னொரு தளத்தை வைத்து, அதில் யாராவது ஊடுருவினாலும், நூலகத் தளத்தின் கோப்புகளில் அவர்களால் கைவைக்க முடியாது. அதன்பின் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். தரவுத்தளக் கடவுச்சொல்லைத் தாங்கியிருக்கும் கான்ஃபிக் கோப்புக்கு மட்டும் 600 கொடுங்கள். பிஎச்பி உரிமையாளராகவே அதைப் படிப்பதால் தளம் தடைபடாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. 777 இருந்த நாள்களில் யாரேனும் எதையாவது வைத்துவிட்டுப் போனார்களா என்று படங்கள் சேரும் அப்லோட்ஸ் கோப்புறையைத் தேடிப் பாருங்கள். சில செருகுநிரல்கள் காவலுக்காக வைக்கும் வெற்றுக் கோப்புகளைத் தவிர, பொதுவாக அங்கே பிஎச்பி கோப்பு இருக்க வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: முகப்புப் பக்கம் வருகிறது, எந்தக் கட்டுரையைச் சொடுக்கினாலும் 404 பிழை வருகிறது. தரவுத்தளம் பழுதாகிவிட்டதா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பெரும்பாலும் இல்லை. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் நிரந்தர இணைப்பை (கட்டுரைகளின் முகவரி வடிவத்தை) எளிய வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். கட்டுரைகள் திறந்தால் தரவுத்தளம் நலமாக இருக்கிறது என்று பொருள். அப்படியானால் இணைப்பு முகவரிகளை மாற்றியமைக்கும் அப்பாச்சியின் ரீரைட் கூறு இயக்கப்படாமல் இருக்கலாம், அல்லது தளக் கோப்புறையில் இணைப்பு விதிகளை வேர்ட்பிரஸ் எழுதி வைக்கும் எச்டிஆக்சஸ் கோப்பை அப்பாச்சி புறக்கணிக்கலாம். உபுண்டுவில் அந்தக் கோப்பைப் புறக்கணிப்பதே தொடக்க நிலை. உங்கள் தளத்தின் கோப்புறைக்கு மட்டும் அலவ்ஓவர்ரைட் என்ற அமைப்பை ‘ஆல்’ என்று மாற்றி, அப்பாச்சியை மீண்டும் தொடங்குங்கள். நீங்கள் பயன்படுத்துவது அப்பாச்சிக்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் என்ற இணைய வழங்கி மென்பொருள் என்றால், அது எச்டிஆக்சஸ் கோப்பைப் படிப்பதே இல்லை. விதியை அதன் சொந்த அமைப்புக் கோப்பில்தான் எழுத வேண்டும்.

கேள்வி: ‘நூற்றாண்டு கண்ட எங்கள் ஊர் நூலகத்தின் கதை’ என்று தலைப்பிட்டேன். இணைப்பு முகவரி ‘நூற்றாண்டு-கண்ட-எங்கள்-ஊ’ என்று பாதியில் நின்றுவிட்டது. இது எதனால்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இந்தக் கேள்வியை எழுப்பியதற்கு மகிழ்ச்சி, தமிழில் தளம் நடத்துவோர் அனைவருக்கும் இது நேர்கிறது. இணைப்பின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் ஒதுக்கியிருப்பது 200 இடங்கள். ஒருங்குறியின் (யூனிகோடு) யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து 3 இடங்களாக எழுதப்படுவதால், ஒரு குறிக்கு 9 இடங்கள் செலவாகின்றன. புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘நூ’ என்ற ஓரெழுத்துக்கே 18 இடங்கள் போகின்றன. உங்கள் தலைப்பில் ‘ஊ’ வரும்போது 192 இடங்கள் நிரம்பிவிட்டன; அடுத்த ‘ர’ சேர்ந்தால் 201 ஆகும். அதனால் ஊர் அறுபட்டது.

வெளியிடுவதற்கு முன்பே இணைப்பை நீங்களாகவே சுருக்கி எழுதுங்கள். ‘ஊர்-நூலகம்’ என்றால் 82 இடங்கள்தான். ஆங்கில எழுத்துகளில் எழுதினால் இன்னும் குறையும் என்பது உண்மை. ஆயினும் உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழைத் தமிழாகவே படிக்க முடியும்போது அதைக் கைவிட எனக்கு மனமில்லை. ஏற்கெனவே வெளியான கட்டுரையின் இணைப்பையும் அஞ்சாமல் திருத்தலாம். வேர்ட்பிரஸ் பழைய பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, அதன்வழி வருவோரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைக்கும்.