அரசு கொடுக்காத பதக்கங்கள்

அன்புள்ள ஐயா,

பழைய நாணயங்கள், பதக்கங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். வேலை நிமித்தமாக லைப்சிக்கில் இருக்கிறேன். இங்கே பழம்பொருள் சந்தைகளில், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் முளைத்த தனிப்படைகளின் பேட்ஜுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. சைலீசியக் கழுகு பேட்ஜ் ஒன்றும், ஷ்டால்ஹெல்ம் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் உறுப்பினர் பேட்ஜ் ஒன்றும் வாங்கிவிட்டேன். இப்போது ஒரு வியாபாரி வெள்ளி மோதிரம் ஒன்றைக் காட்டுகிறார். மேலே மண்டையோடு, இரண்டு பக்கமும் ஓக் இலை, கீழே ‘பால்டிகும் 1919’ என்று எழுத்து. அவருடைய தாத்தா போட்டிருந்ததாம். 350 யூரோ சொல்கிறார். படங்களை இணைத்திருக்கிறேன்.

இவற்றில் அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மோதிரத்தை வாங்கலாமா? என் மனைவி, “இதெல்லாம் நாஜிச் சாமான், வீட்டுக்குள் கொண்டுவராதே” என்கிறாள். அவள் சொல்வது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மோதிரத்தை வாங்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் கையில் வைத்திருப்பவை ஏன் உண்டாயின என்பதிலிருந்து தொடங்கவேண்டும். அது தெரியாமல் அசல், போலி என்று பேசமுடியாது. 1918 நவம்பரில் போர் முடிந்ததும் ஜெர்மன் ராணுவம் கலைந்து வீடு திரும்புகிறது. புதிதாக வந்த சமூக ஜனநாயக அரசுக்குத் தெருவில் இறக்கப் படை இல்லை. பழைய தளபதிகள் ஆள் திரட்டித் தங்கள் பெயரிலேயே தொண்டர் படைகளை அமைக்கிறார்கள். அரசே அதற்குச் சம்பளம் கொடுக்கிறது. இவைதான் ஃப்ரைகோர் படைகள். மெர்க்கர், எப், ஏர்ஹார்ட், ரோஸ்பாக், ஓபர்லாண்ட் என்று பல டஜன். பெர்லின், மியூனிக், பால்டிக் கடலோரத்து ரீகா (உங்கள் மோதிரத்தில் ‘பால்டிகும்’ என்பது அந்தப் பகுதிதான்), கிழக்கே சைலீசியா என்று 1919 முழுக்க இவர்கள் சண்டை போட்டார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் புதிய குடியரசின் வைமர் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. அதன் 109-வது பிரிவு, அரசு யாருக்கும் பதக்கமோ விருதோ கொடுக்கக்கூடாது என்றது. மன்னராட்சி போய்விட்டது, மன்னர் காலத்துப் பகட்டும் போகட்டும் என்கிற எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் நாலு வருடம் பதுங்குகுழியில் கிடந்தவனுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. அரசு கொடுக்காததைத் தளபதிகளும் சங்கங்களும் கொடுத்தார்கள். உங்கள் சைலீசியக் கழுகு சட்டம் வருவதற்குச் சில வாரங்கள் முந்தியது. 1919 ஜூன் 16 அன்று ஆறாவது ராணுவப் படைப்பிரிவின் தளபதி ஃப்ரீடெபுர்க் அதை ஏற்படுத்தினார். சைலீசியாவில் மூன்று மாதம் பணி செய்தால் இரண்டாம் வகுப்பு, ஆறு மாதம் செய்தால் முதல் வகுப்பு. கழுகின் காலடியில் ‘சைலீசியாவுக்காக’ என்று ஜெர்மனில் எழுதியிருக்கும். பால்டிக் சிலுவையும் அதே கோடைக்காலத்தது. அதைக் கொடுத்தது பால்டிக் ஜெர்மானியர்களின் தேசியக் குழு. இரண்டையுமே ஜெர்மன் அரசு கொடுக்கவில்லை.

சேகரிப்பவருக்கு இதிலிருந்து வரும் சிக்கல் பெரியது. அரசுப் பதக்கம் என்றால் ஒரு வடிவம், ஒப்பந்தம் எடுத்த பட்டறைகள், பதிவேடு என்று ஒரு ஒழுங்கு இருக்கும். இங்கே படைவீரன் கையில் சான்றிதழ்தான் வரும். பேட்ஜை அவன் பெரும்பாலும் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்வான். வசதி இருந்தால் வெள்ளியில், இல்லாவிட்டால் முலாம் பூசிய பித்தளையில். லூடன்ஷைட் போன்ற பொத்தான், பேட்ஜ் ஊர்களில் பட்டறைகள் ஆளுக்கொரு அச்சு வெட்டி அடித்துத் தள்ளின. வாள் சேர்த்த கழுகு, ஓக் இலை சேர்த்த கழுகு என்று வகைகளும் பெருகின. அதனால் “இது மாதிரிப் படத்தோடு ஒத்துப்போகவில்லை, எனவே போலி” என்று சொல்லவும் முடியாது. “இப்படியும் ஒரு வகை இருந்தது” என்று எந்தப் போலியையும் தள்ளிவிடவும் வியாபாரிக்கு வசதி.

எனவே வடிவத்தைவிட வேலைப்பாட்டைப் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். அந்தக் காலத்துப் பேட்ஜ் எஃகு அச்சில் அடித்தது. இறகின் கோடு, எழுத்தின் விளிம்பு எல்லாம் கூர்மையாக நிற்கும். போலி பெரும்பாலும் அசலை வைத்து அச்செடுத்து வார்த்தது. விளிம்புகள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும், பள்ளங்களில் குண்டூசி முனை அளவில் காற்றுக்குழிகள் தெரியும். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட அதிக நேரம் பாருங்கள். ஊக்கும் கீலும் கொக்கியும் பற்றவைத்த இடத்தில் புதுப் பளபளப்பு இருந்தால் கேள்வி கேளுங்கள். ‘ஆர்.இசட்.எம்.’ முத்திரை இருந்தால் அது நாஜிக் கட்சியின் பொருள் கொள்முதல் அலுவலகத்துடையது. 1919-ஆம் ஆண்டுப் பொருளில் அதற்கு வேலையில்லை. ரிப்பன் இருந்தால் இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அந்த நூலில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலான வெளுப்பு ரசாயனம் இருக்கிறது என்று பொருள்.

உங்கள் ஷ்டால்ஹெல்ம் பேட்ஜில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. எனாமல் கண்ணாடித்தன்மையோடு இருக்கிறது, பிளாஸ்டிக் பூச்சு மாதிரி தெரியவில்லை. இந்தச் சங்கத்தின் பேட்ஜுகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. 1918 கிறிஸ்துமஸ் அன்று மாக்டெபுர்க்கில், போரில் ஒரு கையை இழந்த ஃப்ரான்ஸ் ஸெல்ட்டே தொடங்கிய முன்னாள் படைவீரர் சங்கம் அது. போர்முனையில் ஆறு மாதம் இருந்தவர்கள் சேரலாம். பிறகு அது லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு, சீருடை, அணிவகுப்பு, பயிற்சி என்று ஒரு துணைப் படையாகவே ஆனது. 1924-இல் யூத வீரர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1932 குடியரசுத் தலைவர் தேர்தலில் இவர்கள் ஆதரித்து நிறுத்திய டூஸ்டர்பெர்க்கின் தாத்தா யூதராகப் பிறந்தவர் என்பது வெளியே வந்து, அவர் தலை தொங்கிப்போனது. ஸெல்ட்டே 1933 ஜனவரியில் ஹிட்லரின் முதல் அமைச்சரவையிலேயே தொழிலாளர் அமைச்சர் ஆகிவிட்டார். சங்கத்தை 1935-இல் கலைத்துவிட்டார்கள். ஹிட்லருக்கு ஏணி தேவைப்பட்டது மேலே ஏறும்வரைதான்.

இப்போது மோதிரம். உங்கள் படத்தில் உள்பக்கம் 925 என்று தெரிகிறது, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அந்தக் கால ஜெர்மன் வெள்ளி மோதிரங்களில் வழக்கமாகக் காண்பது 800 அல்லது 835. 925 இருக்கவே முடியாது என்று இல்லை, ஆனால் இன்றைய வெள்ளிப் பட்டறைகளின் எண் அது. பிறை, கிரீடம் முத்திரை இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். 1888 முதல் நடைமுறைக்கு வந்த அந்த முத்திரை வெள்ளிப் பாத்திர பண்டங்களுக்கானது, நகைக்கு வெறும் எண்ணே வழக்கம். அதைவிட முக்கியமானது தேய்மானம். பல வருடம் விரலில் கிடந்த மோதிரம் அடிவளையத்திலும் உட்புற விளிம்பிலும்தான் முதலில் தேயும். உங்களுடையதில் அடிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது, மண்டையோட்டின் நெற்றி மட்டும் வழவழவென்று தேய்க்கப்பட்டிருக்கிறது. பள்ளங்களில் ஒரே சீராகக் கறுப்பு. அது காலம் ஏற்றிய கறுப்பு அல்ல, கந்தகக் கரைசலில் முக்கி எடுத்தது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும்கூட நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இத்தகைய மோதிரத்தைச் சான்றிதழோடு யாரும் வழங்கவில்லை. அணிந்தவன் பெயர் எங்கும் பதிவாகவில்லை. மண்டையோடு இருப்பதால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. பிரஷ்யக் குதிரைப்படைக் காலத்திலிருந்தே அது அங்கே பழகிய சின்னம், ஃப்ரைகோர்களில் பலரும் எடுத்துக்கொண்டார்கள். நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையின் மண்டையோட்டு மோதிரம் மட்டும் இதில் விதிவிலக்கு. 1933 இறுதியிலிருந்து அதன் தலைவர் ஹிம்லர் வழங்கியது, மியூனிக்கில் ஓட்டோ கார் என்பவரின் நகைப் பட்டறையில் செய்தது, உள்ளே பெற்றவர் பெயரும் தேதியும் ஹிம்லர் கையெழுத்தும் பொறித்தது. பெற்றவர் இறந்தால் திருப்பி ஒப்படைக்கவேண்டும். அதற்கு இருக்கும் பைத்தியக்கார விலைதான் இந்தப் பக்கத்துப் போலிகளுக்கும் தாய். அதைச் செய்து பழகிய கை, ‘பால்டிகும் 1919’ என்று நாலு எழுத்து மாற்றிப் பொறிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தாத்தா கதைக்கு அவர் தனியாகக் காசு வாங்குகிறார், அவ்வளவுதான்.

மோதிரம்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் முன்னால் போங்கள். 1914-இல் போர்ச் செலவுக்குத் தங்க நகையைக் கொடுத்தவர்களுக்குப் பதிலாக இரும்பு மோதிரம் கொடுத்தார்கள். “தங்கம் கொடுத்தேன், இரும்பு பெற்றேன்” என்ற பொருளில் ஒரு வாசகம் அதில் இருக்கும். நெப்போலியனை எதிர்த்து 1813-இல் பிரஷ்யா செய்ததன் மறுபதிப்பு. திருமண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். நாலு வருடம் கழித்து அவர்கள் வீட்டு ஆண்கள் தோற்றுத் திரும்பி, ஃப்ரைகோரில் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அந்தத் துருப்பிடித்த இரும்பு உங்கள் மண்டையோட்டைவிட நூறு மடங்கு சுவாரசியமானது.

350 யூரோவைக் கையில் வைத்துக்கொண்டு காகிதத்தைத் தேடுங்கள். கழுகுக்கான சான்றிதழ், பெயர், படைப்பிரிவு, தேதி, முத்திரை, தளபதி கையெழுத்தோடு கிடைக்கும். பாட்ஸ்டாமில் இருந்த ராணுவ ஆவணக் காப்பகம் 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் எரிந்தது. பிரஷ்ய வீரர்களின் ஏராளமான கோப்புகள் அதோடு போயின. ஆகவே ஒரு சைலீசிய வீரனைப் பற்றி உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே தாள், யாரோ ஒருவர் சந்தையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பதாகவே இருக்கலாம். பவேரியப் படைகள் தப்பித்தன; எப், ஓபர்லாண்ட் போன்றவற்றின் ஆவணங்கள் மியூனிக்கில் ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நீங்கள் ஜெர்மன் படிப்பவர். பெயர் உள்ள ஒரு தாள் கிடைத்தால் அங்கே எழுதிக் கேட்கலாம்.

அப்புறம் உங்கள் மனைவி சொன்னது. கறாராகப் பார்த்தால் இவை நாஜிப் பொருட்கள் அல்ல. 1935-இல் நாஜி அரசு ஃப்ரைகோர் பதக்கங்களில் சைலீசியக் கழுகையும் பால்டிக் சிலுவையையும் மட்டும் அனுமதித்துவிட்டு மற்றவற்றை அணியக்கூடாது என்றே சொன்னது. ஆனால் அதை வைத்து அவரிடம் வாதாடி ஜெயிக்காதீர்கள். கம்யூனிஸ்ட் தலைவர்கள் ரோசா லுக்சம்பர்கையும் கார்ல் லீப்னெக்டையும் 1919 ஜனவரியில் கொன்றவர்கள் இந்த உலகத்தைச் சேர்ந்தவர்களே. 1920 மார்ச்சில் ஆட்சியைக் கவிழ்க்கப் பெர்லினுக்குள் புகுந்த ஏர்ஹார்ட் படையினர் தலைக்கவசத்தில் ஸ்வஸ்திகா வரைந்திருந்தார்கள். அந்தப் படை கலைந்த பிறகு அதிலிருந்து வந்த ரகசிய அமைப்புதான் 1922-இல் வெளியுறவு அமைச்சர் ராட்டெனாவைச் சுட்டது. பின்னாளில் ஆஷ்விட்ஸ் முகாமை நடத்திய ருடால்ஃப் ஹோஸ், ரோஸ்பாக் படையில் பால்டிக்கில் சண்டையிட்டவர். ‘பால்டிகும் 1919’ என்று பொறித்த ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் கணவனைப் பார்த்து ஒரு பெண் முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

என் யோசனை, எதிர்ப்பக்கத்தையும் சேருங்கள் என்பது. ஷ்டால்ஹெல்ம் பிறந்த அதே மாக்டெபுர்க்கில் 1924 பிப்ரவரியில் குடியரசைக் காக்க ரைஷ்பானர் சங்கம் தொடங்கியது. குடியரசுக் கொடியின் கறுப்பு சிவப்பு பொன் நிறத்தில் அவர்கள் பேட்ஜ். கம்யூனிஸ்டுகளின் செம்முன்னணிப் படைக்கு உயர்த்திய முஷ்டி; 1929 மே மாத பெர்லின் கலவரத்துக்குப் பிறகு அதைத் தடைசெய்தார்கள். நாஜிகளை எதிர்க்க 1931 டிசம்பரில் வந்த இரும்பு முன்னணிக்கு மூன்று அம்புகள். சுவரில் வரைந்திருந்த ஸ்வஸ்திகாவை யாரோ சுண்ணக்கட்டியால் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்ததைப் பார்த்து அந்தச் சின்னம் தோன்றியதாக அதை உருவாக்கிய செர்கேய் சகோதின் சொன்னார். 1933-க்குப் பிறகு இந்தப் பேட்ஜுகளை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. அதனால் தூக்கிப்போட்டவர்கள் அதிகம், தப்பியவை குறைவு. ஷ்டால்ஹெல்ம் துரத்திய யூத வீரர்களுக்கும் தனிச் சங்கம் இருந்தது. போரில் இறந்த 12,000 யூத வீரர்களின் நினைவைத் தூக்கிப்பிடித்தவர்கள். அவர்களின் பேட்ஜ் கிடைத்தால் எனக்கு முதலில் எழுதுங்கள், பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் ஜெர்மனியில் இருப்பதால் சட்டம் பற்றி ஒரு வரி. தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றம், குற்றவியல் சட்டம் 86-ஏ பிரிவு. வரலாறு, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வியாபாரிகள் ஸ்வஸ்திகா மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பது அதனால்தான். உங்களிடம் இருக்கும் இரண்டிலும் அந்தச் சின்னம் இல்லை. ஆனால் 1934-க்குப் பிறகான ஷ்டால்ஹெல்ம் பேட்ஜுகள் சிலவற்றில் வரும். அவற்றைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

கழுகின் பின்பக்கப் படம் மங்கலாக இருக்கிறது. ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், கொஞ்சம் சாய்த்து வைத்து எடுத்து அனுப்புங்கள். ஊக்கின் கீல் தெரிந்தால் மேற்கொண்டு சொல்கிறேன்.