சீருடையைக் கழற்றிய பின் எந்த வேலைக்குப் போவது?

படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: மெட்ராஸ் ரெஜிமென்டில் 24 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராகச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். வயது 43. படிப்பு பத்தாம் வகுப்பு. கடைசிச் சில ஆண்டுகள் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாராக இருந்தேன். ஒரு குளிர்காலம் கார்கில் பக்கம் கழிந்தது. ஊருக்கு வந்த நாள் முதல், “எக்ஸ் மிலிட்டரிக்கு என்ன, செக்யூரிட்டி வேலை கிடைக்காமலா போகும்?” என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 12 மணி நேர வேலையில் சேர்ந்து, சில வாரங்களில் விட்டுவிட்டேன். பென்ஷன் வருவதால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் எதற்காக எழுந்தோம் என்றே தெரியவில்லை. தனித்தொழில் எதுவும் இல்லாத ஜி.டி. (ஜெனரல் டியூட்டி) சோல்ஜருக்கு வெளியில் வேறு என்ன வேலை இருக்கிறது?
– திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

பதில்: மெக்கானிக், எலக்ட்ரீசியன், ஓட்டுநர் என்று ஒரு டிரேடில் இருந்தவருக்கு டிஸ்சார்ஜ் புத்தகமே வெளியுலகில் ஒரு வேலையைக் காட்டிவிடும். காலாட்படையின் ஜி.டி. வீரருக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மை. ஆனால் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் பொறுப்பை நான் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக மாட்டேன்.

ஒரு ரைஃபிள் கம்பெனியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் ரேஷன், உடுப்பு, படுக்கை, கூடாரம், மண்ணெண்ணெய் என எது எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு, இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டு, வந்த சரக்கை எண்ணி வாங்கி, லெட்ஜரில் ஏற்றி, கையெழுத்துப் பெற்றுக்கொண்டு பிரித்துக் கொடுத்து, அதிகாரிகள் குழு சரிபார்க்க வரும் நாளில் ஒரு போர்வை குறைந்தாலும் பதில் சொல்லும் இடத்தில் நின்றவர் நீங்கள். கார்கிலில் அது இன்னும் கடினமாக இருந்திருக்கும். பனி விழுந்து ஜோஜி லா கணவாய் மூடிக்கொள்வதற்குள், வரப்போகும் மாதங்கள் முழுவதற்குமான மாவையும் பருப்பையும் எரிபொருளையும் மேலே ஏற்றி அடுக்கியாக வேண்டும். அக்டோபரில் தவறவிட்ட ஒரு பொருளை ஜனவரியில் கடைக்குப் போய் வாங்கிவர முடியாது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்த ஒருவருக்கு வெளியில் என்ன வேலை இருக்கிறது என்ற கேள்வியை நீங்கள் இவ்வளவு தயங்கிக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரங்களில் உள்ள ஆலைகளின் கிடங்குகள், பெரிய மருத்துவமனைகளின் ஸ்டோர்ஸ், பொறியியல் கல்லூரிகளின் விடுதி நிர்வாகம் ஆகிய எல்லா இடங்களிலும் நடப்பது இதே வேலைதான். ஆனால் உங்கள் விண்ணப்பத்தில் “சி.க்யூ.எம்.எச்., நான்கு ஆண்டுகள்” என்று மட்டும் இருந்தால், அதைப் படிக்கும் மனிதவள அலுவலருக்கு ஒன்றும் புரியாது. “நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கான உணவு, உடை, தளவாட இருப்பு முழுவதையும் நிர்வகித்தேன், சாலைத் தொடர்பு துண்டிக்கப்படும் மலைப்பகுதியில் பல மாத இருப்பை முன்கூட்டியே திட்டமிட்டுச் சேர்த்தேன், என் பொறுப்பில் இருந்த கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட்டன” என்று எழுதுங்கள். இதில் எந்த வார்த்தையும் மிகையில்லை. உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது, என்ன ஆயுதம் வைத்திருந்தது போன்ற சொல்லக் கூடாத செய்தியும் இல்லை. கூடவே, லெட்ஜரைக் கையால் எழுதிப் பழகிய நீங்கள் எக்செல், டேலி இரண்டையும் ஏதாவது ஒரு பயிற்சி நிலையத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். கணக்கின் உள்ளறிவு உங்களிடம் இருப்பதால், கற்க வேண்டியது விசைப்பலகைப் பழக்கம் மட்டுமே.

அரசு வேலை, வங்கி வேலை என்ற வழியும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 15 ஆண்டுகளுக்குக் குறையாத படைப்பணியும் உள்ள முன்னாள் படைவீரர், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு, அவை தொழில்நுட்ப அனுபவம் கேட்காதவையாக இருந்தால், தகுதி பெற்றவராகவே கருதப்படுவார். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்விலும் இந்தச் சலுகை உண்டு. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு உண்டு. அந்த 14.5-இல் 4.5 சதவீதம் ஊனமுற்ற படைவீரருக்கும் போரில் உயிர்நீத்தோர் குடும்பத்தாருக்கும் உரியது. வயதைக் குறித்து அஞ்ச வேண்டாம். மத்திய அரசுப் பணிக்கு உங்கள் வயதிலிருந்து பணிக்காலத்தைக் கழித்து வரும் எண், அப்பணியின் வயது வரம்பை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். 43-இல் 24 போனால் 19. வங்கி எழுத்தர் தேர்வில் மட்டும் 50 வயது என்ற உச்சவரம்பு இருப்பதால், அதை எழுதுவதானால் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே பலர் அறியாமல் இழக்கும் ஓர் உரிமையைச் சொல்லியாக வேண்டும். ஒதுக்கீட்டின் கீழ் ஓர் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்பது பொது விதி. ஆனால் முதல் வேலையில் சேர்வதற்கு முன்பே வேறு பணிகளுக்கும் விண்ணப்பித்திருந்தால், எந்தெந்தத் தேதியில் எவற்றுக்கு விண்ணப்பித்தீர்கள் என்ற விவரத்தைச் சேர்ந்தவுடன் உறுதிமொழியாக எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், அந்தப் பணிகளுக்கு உங்கள் உரிமை நீடிக்கும். மத்தியப் பணியாளர் துறையின் 2014-ஆம் ஆண்டு ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. கிடைத்த முதல் வேலையில் அவசரமாகச் சேர்ந்து, இந்த ஒரு தாளைக் கொடுக்காமல் விட்டு, பிறகு வந்த நல்ல வேலையைக் கைநழுவ விடுபவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

செக்யூரிட்டி வேலை தாழ்ந்தது என்று நான் எண்ணவில்லை. விரும்பிச் செய்கிறவர்களுக்கு அது நேர்மையான பிழைப்பு. எக்ஸ் மிலிட்டரி என்றாலே வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பதுதான் முறை என்று ஊரும், அதைக் கேட்டுப் படைவீரரும் முடிவு செய்துகொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அத்துறைக்கே செல்வதானாலும், 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், மேற்பார்வையாளர் நியமனத்தில் படையில் மூன்று ஆண்டுகளாவது பணியாற்றியவருக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது; அந்த இடத்தையே கேளுங்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதுவரை பதிவு செய்யவில்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். ராணுவ நல வேலைவாய்ப்பு அமைப்பான ஏ.டபிள்யூ.பி.ஓ.விலும் பதிந்து வையுங்கள். அரசு நிறுவனங்களுக்கு முன்னாள் படைவீரர்களைப் பணிக்கு அனுப்பும் டெக்ஸ்கோ, 1986-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கழகம். இடைக்காலத்துக்கு அதுவும் ஒரு வழி.

கேள்வி: என் கணவர் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு நாயக்காக ஓய்வு பெற்று வந்திருக்கிறார். இரண்டு இடங்களில் வேலைக்குச் சேர்ந்தார். “சிவிலியனுக்கு டிசிப்ளின் கிடையாது, சின்னப் பையன் என்னை அதட்டுகிறான்” என்று இரண்டையும் விட்டுவிட்டார். வீட்டிலோ குழந்தைகள் ஐந்து மணிக்கு எழ வேண்டும், செருப்பு வரிசையாக இருக்க வேண்டும் என்று ஒரே சத்தம். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தாங்கவும் முடியவில்லை.
– வேலூர் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, யூனிட்டில் ஒரு மனிதரின் தகுதி அவருடைய சீருடையிலேயே எழுதியிருக்கும், யாருக்கு யார் கட்டளையிடலாம் என்பதில் சந்தேகமே எழாது. வெளியில் வந்தவுடன் அந்த அடையாளம் போய்விடுகிறது. அவரைவிடப் பதினைந்து வயது இளைய மேலாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சொன்ன நேரத்துக்கு யாரும் வருவதில்லை. வேலை முடிந்ததா என்று யாரும் கேட்பதுமில்லை. அவருடைய கோபத்துக்கு உண்மையான காரணம் உண்டு. ஆனால் அந்த இளைஞருக்கும் தன் தொழிலில் தெரிந்தது உண்டு என்பதையும், சிவில் அலுவலகத்தில் ஒரு காரியம் கட்டளையால் நடப்பதைவிடப் பேசி இணங்க வைப்பதால்தான் நடக்கிறது என்பதையும் உங்கள் கணவர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரிக்ரூட்டாக இருந்தபோது நடை பழகிய பொறுமையை இதற்கும் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பள்ளி, மாமனார் மாமியாரின் வைத்தியம், நிலத்து வரி, கூட்டுறவுக் கடன் என இத்தனை ஆண்டுகளும் இந்தக் குடும்பத்தை நடத்தியவர் நீங்கள். அவர் ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து போனவர். நீங்கள் அமைத்து வைத்த ஒழுங்குக்குள் இப்போது அவர் புதிதாக வருகிறார். இதை அவரும் நீங்களும் வாய்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது. அவருக்கென்று முழுப் பொறுப்பாகச் சில காரியங்களை ஒப்படையுங்கள். பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் படையின் குடும்பப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் சரியாக ஏறியிருக்கிறதா, படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உள்ள விவரங்கள் பி.பி.ஓ.வோடு (ஓய்வூதிய ஆணை) பொருந்துகின்றனவா என்று பார்த்து முடிப்பதே சில வார வேலை. ஓர் எழுத்துப் பிழைகூடப் பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்தைச் சிக்கலாக்கிவிடும்.

உங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போன ஊர்கள் உண்டு. விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் 1600 மீட்டர் ஓட்டத்துக்கும், புல்-அப்ஸுக்கும், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதற்கும் பையன்கள் யாரும் சொல்லித் தராமல் தாங்களாகவே பழகிக்கொண்டிருப்பார்கள். ஐந்து மணிக்கு எழுப்பத் துடிக்கும் உங்கள் கணவருக்கு அந்த மைதானத்தைக் காட்டுங்கள். படைத் தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் பயிற்சி தருவதையே தொழிலாக்கிக் கொண்ட முன்னாள் படைவீரர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரவில் தூங்காமல் விழித்திருப்பது, காரணமின்றிக் கை ஓங்குவது, கேன்டீன் மதுவின் அளவு கூடிக்கொண்டே போவது ஆகியவற்றில் எதுவும் இருந்தால், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கு அழைத்துச் சென்று மனநல மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். அடி பட்ட முழங்காலுக்கு வைத்தியம் செய்துகொள்வதில் இல்லாத வெட்கம் இதிலும் வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் அக்னிவீரர் முதல் அணியில் 2023 ஜனவரியில் பயிற்சிக்குச் சென்றான். நான்காண்டுகள் முடியும்போது என்ன செய்வான் என்ற கவலை எனக்கு.
– தேனி மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. நான்காண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. மேலே நான் சொன்ன ஒதுக்கீடுகள் அவர்களுக்குப் பொருந்தா. சேவா நிதியாக, வட்டியுடன் சேர்த்து ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கையில் கிடைக்கும். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் 10 சதவீத இடங்கள் 2022-இலேயே அறிவிக்கப்பட்டன.

படையில் இருக்கும்போதே படிப்பில் அடுத்த படி ஏறிவிடுமாறு அவரிடம் சொல்லுங்கள். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழும், பணிப் பயிற்சியையே மதிப்பெண்ணாகக் கணக்கில் எடுக்கும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. வெளிவரும்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது என்றால், ஒரு தொழிலை அடியிலிருந்து கற்க அது நல்ல வயது. அந்தத் தொகையில் முதல் செலவு அவருடைய படிப்பாகவோ தொழிற்பயிற்சியாகவோ இருக்கட்டும். வீட்டு மாடி கட்டுவதும் தங்கை கல்யாணமும் அதற்குப் பிறகு வரட்டும் என்பதை ஒரு தந்தையாக நீங்கள்தான் சொல்ல முடியும்.

கேள்வி: ஓய்வூதியத்தின் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பெற்ற கம்யூடேஷன் தொகையை உறவினர் ஒருவரின் மனைத் தொழிலில் போடலாமா? சொந்தமாகத் தொழில் தொடங்கக் கடனுதவி உண்டா?
– ஓய்வு பெற்ற சுபேதார், சேலம்

பதில்: போடாதீர்கள். கம்யூட் செய்தது உங்கள் மாத ஓய்வூதியத்தின் ஒரு பங்கு. அது 15 ஆண்டுகளுக்குப் பிறகுதான் திரும்பி வரும். தொழில் தொடங்குவதானால் தமிழ்நாடு அரசின் “முதல்வரின் காக்கும் கரங்கள்” திட்டத்தைப் பாருங்கள். 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், 30 சதவீத மூலதன மானியமும், 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பு, நீங்கள் தொடங்க நினைக்கும் தொழிலை ஏற்கெனவே நடத்தும் ஒருவரிடம் சில மாதங்கள் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். வரவு செலவும் சரக்கு நிற்கும் காலமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, எவ்வளவு கடன் கேட்பது என்பதை நீங்களே கணக்கிட்டு வங்கிக்குப் போகலாம்.