லேப்டாப்ல மியூசிக் பண்றவங்க ஆர்டிஸ்ட்டா? கேள்வி பதில்

எலக்ட்ரானிக் மியூசிக் ப்ரொட்யூசர்ஸ், அதாவது கம்ப்யூட்டர், சிந்த்தசைசர் வச்சு பாட்டை உருவாக்கறவங்க பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு பாதிப் பேர் சுத்தி சுத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கீங்க, சரி அதுலயே ஆரம்பிப்போம்.

அண்ணா, மெஷின்தானே வாசிக்குது, இவங்க எப்படி ஆர்டிஸ்ட்?

தம்பி, 1963க்கு போவோம், லண்டன், பிபிசியோட ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப், நிகழ்ச்சிகளுக்கு புதுசு புதுசா சத்தம் செய்யற இடம். டாக்டர் ஹூ சீரியலுக்கு ரான் கிரெய்னர் மெட்டு எழுதிக் குடுத்துட்டார், அதை சத்தமா மாத்தற வேலை டெலியா டெர்பிஷயர்ங்கற அம்மாவுக்கு. கீபோர்ட்ல தட்டுனா வர்ற சிந்த்தசைசர் எல்லாம் அங்க கிடையாது. ஒத்தைக் கம்பியை மீட்டி ரெக்கார்ட் பண்ணி, டேப் வேகத்தைக் கூட்டி குறைச்சு வேற வேற ஸ்வரம் எடுத்து, ஒவ்வொண்ணையும் பிளேடால வெட்டி ஒட்டி, அதாவது டேப் துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம்தான் அந்த ஸ்வரம் நிக்கும். ஒரு இடத்துல என்னமோ இடிக்குது, எந்த ஒட்டுன்னு தெரியல, டேப்பையெல்லாம் காரிடார்ல பக்கத்து பக்கத்துல நீட்டி விரிச்சு எங்க விலகுதுன்னு கண்ணால பார்த்துக் கண்டுபிடிச்சாங்களாம். கிரெய்னர் கேட்டுட்டு இதை நானா எழுதினேன்னு அசந்துட்டார், அந்தம்மாவுக்கும் பங்கு குடுங்கன்னு அவரே சொன்னார், பிபிசி ஒத்துக்கல. டிவி ஸ்க்ரீன்ல அவங்க பேர் வந்தது 2013ல, அவங்க 2001லயே போய் சேர்ந்துட்டாங்க. மெஷின் வாசிச்சுதுன்னு இப்ப சொல்லு பாப்போம்.

அது அந்தக் காலம் ப்ரோ. இப்ப டிஜே ப்ளே பட்டனை அமுக்கிட்டு கையைத் தூக்கிட்டு நிக்கிறாரே?

நிறைய பேர் அப்படித்தான் நிக்கிறாங்க, நான் ஏன் மறைக்கணும். டெட்மவுஸ்னு ஒரு பெரிய எலக்ட்ரானிக் மியூசிக் ஸ்டார் 2012லயே எல்லாரும் ப்ளேதான் அமுக்குறோம்னு போட்டு உடைச்சார். ஆனா பாட்டு உருவானது ஸ்டுடியோல. டைரக்டர் தியேட்டருக்கு வந்து படத்தை ஓட்டிக் காட்டணும்னு யாராவது கேக்குறோமா? ஸ்டேஜ் ஷோவுக்கு குடுத்த காசுக்கு வேணா சண்டை போடுங்க, அது நியாயம்.

நம்ம நாட்டுல யாராவது இருக்காங்களா அண்ணா?

சரண்ஜித் சிங். மும்பைல பாலிவுட் செஷன் கிட்டாரிஸ்ட். 1982ல ரோலண்ட் கம்பெனியோட டிபி 303 (பேஸ் பெட்டி), டிஆர் 808 (ட்ரம் பெட்டி), ஜூபிடர் 8 (கீபோர்ட் சிந்த்தசைசர்) மூணையும் வச்சு பத்து ராகத்தை டிஸ்கோ பீட்ல வாசிச்சு ஒரு ரெக்கார்ட் போட்டார், யாரும் சீண்டல. இந்த 303 கிட்டாரிஸ்டுக்கு பேஸ் துணை வாசிக்கறதுக்குன்னு வந்த பெட்டி, பேஸ் கிட்டார் மாதிரி இல்லவே இல்ல, 1984ல கம்பெனியே நிறுத்திடுச்சு. செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைச்சதை சிகாகோ பசங்க வாங்கி, நோட் ஓடிட்டு இருக்கும்போதே சத்தத்தோட கூர்மையை மாத்தற ஃபில்டர் குமிழைத் திருகித் திருகி ஒரு கொழகொழ சத்தம் எடுத்தாங்க பாருங்க, அதுதான் ஆசிட் ஹவுஸ்ங்கற டான்ஸ் மியூசிக் வகை, அந்தப் பசங்கள்ல ஃப்யூச்சர்ங்கற குரூப்போட ரெக்கார்ட் வந்தது 1987. நம்ம ஆளு அஞ்சு வருஷம் முன்னாடியே அந்தப் பெட்டியில ராகம் வாசிச்சுட்டார். 2010ல மறுபடி ரிலீஸ் ஆனப்புறம்தான் உலகமே வாயைப் பொளந்துச்சு. அதே பெட்டி கடைக்கடையா இருந்துச்சு, எல்லாருக்கும் அந்த சத்தம் வரலியே.

கவர்மெண்ட், கோர்ட்டு எல்லாம் இதை கலைன்னு ஒத்துக்குமா சார்?

ஜெர்மனில ஒத்துக்கிட்டாங்க, அதுவும் வரி கேஸ்ல! கச்சேரி டிக்கெட்டுக்கு 7 சதவீதம், வெறும் பார்ட்டின்னா 19. டெக்னோ, ஹவுஸ் நைட்டும் கச்சேரியா இருக்கலாம்னு 2020ல அங்க உச்ச வரி கோர்ட் சொல்லிடுச்சு, மிக்ஸரும் டர்ன்டேபிளும் டிஜேக்கள் கைல இன்ஸ்ட்ருமென்ட் மாதிரிதான்னு.

அடுத்தவன் ரெக்கார்ட்ல இருந்து ட்ரம்ஸை சாம்பிளா, அதாவது துண்டா வெட்டி எடுத்து ஓட்டறது திருட்டு இல்லையா?

இதுல ப்ரொட்யூசர் பக்கம் நான் முழுசா நிக்க மாட்டேன். 1969ல கிரெகரி கோல்மன்னு ஒரு ட்ரம்மர் வாசிச்ச சில செகண்ட் துண்டு, ஆமென் பிரேக்னு சொல்வாங்க, அதை வெட்டி மாத்திப் போட்டுத்தான் ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ்னு பெரிய வகையே நின்னுச்சு. வெட்டின விதத்துல கலை இருக்கு, மறுக்கல. ஆனா கோல்மன் 2006ல இறக்கற வரைக்கும் அதுக்கு ராயல்டின்னு ஒரு காசு பாக்கல. நமக்கு மரியாதை வேணும்னு கேக்குற கூட்டம் அந்த மனுஷன் பேரையும் சேர்த்து சொல்லணும், அவ்வளவுதான்.

நான் ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஓடற மியூசிக் துண்டு) வாங்கி ஒட்டி ட்ராக் போடறேன் அண்ணா, நானும் ஆர்டிஸ்ட்டா?

இப்போதைக்கு இல்லப்பா, கோச்சுக்காத. லூப் பேக்கை மூடி வச்சுட்டு, ஒரே ஒரு சிந்த் ஓபன் பண்ணு, அதுல ரெடியா இருக்கற ப்ரீசெட் சத்தத்தைத் தொடாத, சா டூத்னு சொல்ற வெறும் ரம்பப் பல் அலையில இருந்து உனக்குன்னு ஒரு பேஸ் சத்தம் செஞ்சு அனுப்பு, கேட்டுட்டு சொல்றேன்.