எந்த நியூட்ரல்?

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்றுவதற்காகப் பழைய மோட்டார்ஹோம் (வீட்டு வசதிகள் கொண்ட பெரிய வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். எங்களிடம் 2015ஆம் ஆண்டின் ஜீப் ராங்ளர் ரூபிகான், மேனுவல் கியர் வண்டி ஏற்கெனவே இருக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் உருள, அதை மோட்டார்ஹோமின் பின்னால் கட்டி இழுத்துச் செல்ல விரும்புகிறோம். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் போதும் என்கிறார் நண்பர். அது சரியா?
(ஒரு வாசகர், மிசிசாகா, கனடா)

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த வண்டி சரியானது, நண்பரின் யோசனைதான் தவறானது. வட அமெரிக்காவில் மோட்டார்ஹோம்களின் பின்னால் உருண்டு செல்லும் வண்டிகளில் ராங்ளரை அடிக்கடி காண முடிவதற்குக் காரணம், அதில் இரண்டு நியூட்ரல்கள் இருப்பதுதான். கியர் லீவரில் இருப்பது ஒன்று. அதன் அருகில், கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவரில், 4 எச்சுக்கும் (நான்கு சக்கர இயக்கம், சாதாரண வேகம்) 4 எல்லுக்கும் (நான்கு சக்கர இயக்கம், மிகக் குறைந்த வேகம்) நடுவே 'என்' என்று குறித்திருப்பது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

வண்டி உருளும்போது சக்கரங்கள் ஆக்ஸிலையும், ஆக்ஸில் டிஃபரன்ஷியலையும், டிஃபரன்ஷியல் ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் (டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஆக்ஸிலையும் இணைக்கும் நீண்ட தண்டு) சுழற்றுகின்றன; எஞ்சின் ஓடும்போது முன்னிருந்து பின்னுக்குப் போகும் சுழற்சி, இழுக்கப்படும்போது பின்னிருந்து முன்னுக்கு வருகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் 2 எச்சில் (பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) இருந்தால் அந்தச் சுழற்சி அங்கே நிற்காமல் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் (சக்தியை வெளியே அனுப்பும் முக்கியத் தண்டு) வரை போய்விடும். உங்கள் வண்டியின் டயர் ஏறத்தாழ 81 செ.மீ. விட்டமும், ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 4.10ஆகவும் இருந்தால், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுழலும். ஆனால் எஞ்சின் ஓடவில்லை. கிளட்ச் பக்கத்திலிருந்து சுழற்சி வராததால், எண்ணெயை வாரி மேலே தெறிக்கவிட வேண்டிய லே ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் துணைத் தண்டு) ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். மெயின் ஷாஃப்டின் மேலிருக்கும் பேரிங்குகளும் புஷ்களும் எண்ணெய் எட்டாமல் மணிக்கணக்கில் சுழன்று தேய்ந்து கருகும். கியர் நியூட்ரலில்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவருக்கு இது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. (மேனுவல் கியர் உள்ள முன்சக்கர இயக்கக் கார்கள் சிலவற்றை நியூட்ரலில் இழுக்கலாம் என்று அவற்றின் தயாரிப்பாளர்களே அனுமதிக்கிறார்கள். அவற்றின் கியர்பாக்ஸ் அமைப்பு வேறு. நண்பரின் அனுபவம் அப்படியொரு காரிலிருந்து வந்திருக்கலாம்.)

டிரான்ஸ்ஃபர் கேஸை 'என்'னில் வைத்தால், முன் பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டுகள் இரண்டும் சுழன்றாலும் கியர்பாக்ஸுக்கும் அவற்றுக்கும் தொடர்பு அறுந்துவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பம்ப் அதன் வெளியீட்டு ஷாஃப்டாலேயே இயங்குவதால், எஞ்சின் நின்றிருந்தாலும் அது தன் எண்ணெயைத் தானே சுற்றிக்கொள்ளும். ஆகவே, நீண்ட பயணத்துக்கு முன் டிரான்ஸ்ஃபர் கேஸின் எண்ணெய் அளவைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்; வழி நெடுக உழைக்கப்போவது அதுதான்.

இன்னொரு தவறு இதைவிடக் கொடியது. லீவர் 'என்'னில் நிற்காமல் 4 எல்லுக்குள் விழுந்திருக்க, கியர் முதலாவதில் இருந்தால் என்னவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரூபிகானில் முதல் கியர் 4.46, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 4.0, ஆக்ஸில் 4.10, மூன்றையும் பெருக்கினால் சுமார் 73 வருகிறது. பாறையில் ஊர்ந்து ஏறுவதற்கென்று வைத்த இந்த விகிதத்தை நெடுஞ்சாலையில் தலைகீழாக ஓட்டினால், 90 கி.மீ. வேகத்தில் கிளட்ச் தட்டு நிமிடத்துக்கு 43,000 சுற்று சுழன்றாக வேண்டும். உங்கள் எஞ்சினின் உச்ச வரம்பு ஆறாயிரத்துச் சொச்சம். அந்த வேகத்தை எட்டுவதற்கு வெகு முன்பே கிளட்சோ எஞ்சினோ சிதறிவிடும். கிளட்ச் தட்டின் துண்டுகள் வெளிக்கூட்டைப் பிளந்துகொண்டு வருவதும் உண்டு. இதனால்தான் லீவரைத் தள்ளிவிட்டோம் என்பதோடு விடாமல் சோதித்தும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அந்தச் சோதனை எளிது. சமதரையில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, டிரான்ஸ்ஃபர் கேஸை 'என்'னுக்கு மாற்றுங்கள். பிறகு காலால் பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை ஓடவிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திக் கிளட்சை மெல்ல விடுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஐந்து வினாடி கவனியுங்கள். வண்டி அசையக் கூடாது. முதல் கியரிலும் அதையே செய்யுங்கள். அசையவில்லை என்றால் 'என்' உண்மையான 'என்'. அதன்பின் ஹேண்ட்பிரேக்கை மறுபடி போட்டு, எஞ்சினை அணைத்து, மேனுவல் வண்டியில் கியரை ஏதாவது ஒரு கியரில் விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸை நியூட்ரலில் விட வேண்டாம். சாவியை ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாத நிலையில் வைப்பதும் முக்கியம், ஏனென்றால் திருப்பங்களில் முன்சக்கரங்கள் தாமாகவே திரும்பியாக வேண்டும்.

கேள்வி: எங்களுடையது ஆட்டோமேட்டிக் ராங்ளர். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்துவிட்டு, கியரைப் 'பி'யில் வைக்கச் சொல்கிறது கையேடு. பார்க்கில் வைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாதா?
(ஒரு வாசகி, டெக்சஸ்)

பதில்: பூட்டிக்கொள்ளாது. 'பி' பூட்டுவது சக்கரத்தை அன்று. கியர்பாக்ஸின் வெளியீட்டு ஷாஃப்டை. டிரான்ஸ்ஃபர் கேஸ் 'என்'னில் இருக்கும்போது அந்த ஷாஃப்டுக்கும் சக்கரங்களுக்கும் பிணைப்பே இல்லை. பிறகு ஏன் பூட்டச் சொல்கிறார்கள் என்றால், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சுழலும் பாகங்களின் உராய்வும் எண்ணெயின் இழுவையும் சேர்ந்து, பிணைப்பு இல்லாத நிலையிலும் கியர்பாக்ஸின் ஷாஃப்டை மெல்ல இழுத்துச் சுழற்றப் பார்க்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்ப் எஞ்சினால் இயங்குவது. எஞ்சின் நின்றிருக்கும்போது அதன் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் நகராது. ஆகவே ஷாஃப்டை அசையாமல் பிடித்துவைப்பதே அதற்குப் பாதுகாப்பு. மேனுவல் வண்டியைக் கியரில் விடச் சொல்வதற்கும் காரணம் இதுவே.

ஆனால் உங்கள் கேள்விக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 'பி'யில்தான் இருக்கிறது, வண்டி நிற்கும் என்ற பழக்கம் நம் எல்லோருக்கும் கையில் ஊறிப்போனது. டிரான்ஸ்ஃபர் கேஸ் 'என்'னில் இருக்கும்போது 'பி' வண்டியைப் பிடிக்காது. லேசான சரிவிலும் அது உருண்டுவிடும். ஆகவே, டோ பாரும் (இரு வண்டிகளையும் இணைக்கும் இழுவைக் கம்பி) பாதுகாப்புச் சங்கிலிகளும் மாட்டி முடியும் வரை ஹேண்ட்பிரேக்கை விடுவிக்காதீர்கள். முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பின்னும் அப்படியே: முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸை 2 எச்சுக்குக் கொண்டுவருதல், கடைசியாகத்தான் டோ பாரைக் கழற்றுதல். அலுப்பில் இந்த வரிசையை மாற்றுபவர்களின் வண்டிதான் யாரும் இல்லாமல் தானே புறப்படுகிறது. அதேபோல, ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க மறந்து கிளம்பினால் பின் பிரேக்குகள் எரிந்துபோகும். முதல் 20 கி.மீ. தாண்டியதும் ஓரங்கட்டி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டி வெப்பத்தைப் பாருங்கள்.

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் உள்ள எந்த வண்டியையும் இப்படி இழுக்கலாமா? முன்சக்கரங்களை மட்டும் டோலியில் (இரண்டு சக்கரங்களைத் தாங்கும் சிறு டிரெய்லர்) ஏற்றி இழுத்தால் பாதுகாப்பானதா?
(ஒரு வாசகர், நியூஜெர்சி)

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். டிரான்ஸ்ஃபர் கேஸில் உண்மையான நியூட்ரல் இல்லாத வண்டியை, தயாரிப்பாளரின் கையேடு தெளிவாக அனுமதித்தால் தவிர, நான்கு சக்கரத்தில் உருட்டக் கூடாது. ஒரே பெயருள்ள வண்டிக்குள்ளும் இது மாறும். ஜீப் கிராண்ட் செரோக்கியில் இரண்டு வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் கொண்ட குவாட்ரா-டிராக் 2 வகையில், பேனா முனையால் அழுத்தும் சிறு துளைப் பொத்தானாக நியூட்ரல் இருக்கிறது. ஒரே வேகம் கொண்ட குவாட்ரா-டிராக் 1 வகையில் அது கிடையாது, ஃபிளாட்பெட்டில்தான் (முழு வண்டியையும் சுமந்து செல்லும் தட்டையான லாரி) ஏற்ற வேண்டும். ஹோண்டா சிஆர்-வியை 2014 வரையிலான மாடல்களில் குறிப்பிட்ட முறையைப் பின்பற்றி இழுக்க முடிந்தது. 2015இல் சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வந்ததும் அந்த வசதி போய்விட்டது. எனவே வாங்குவதற்கு முன், விற்பவரின் வாயை அல்ல, அந்த ஆண்டுக்குரிய கையேட்டில் இழுத்துச் செல்வது பற்றிய பக்கத்தை நம்புங்கள்.

டோலியைப் பொறுத்தவரை, முன்சக்கரம் நிற்க, பின்சக்கரம் மட்டும் சுழல்வது, எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிக்கு மிகப் பெரிய கேடு. முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால், இரண்டையும் இணைக்கும் நடு டிஃபரன்ஷியலோ கப்ளிங்கோ அந்த வேறுபாட்டை இடைவிடாமல் தாங்கிச் சூடேறி அழியும். ராங்ளருக்கே கூட இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்க வேண்டாம் என்கிறது கையேடு. நான்கும் தரையில், அல்லது நான்கும் வண்டி மேல். நடுவில் ஒன்று கிடையாது. பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். சில வண்டிகளில் அது நல்ல வழிதான். ஆனால் ஷாஃப்டின் முனை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகியிருக்கும் அமைப்பில், கழற்றிய துளை வழியே எண்ணெய் வெளியேறிவிடும்.

கேள்வி: மலைப்பாதையில் எங்கள் மஹிந்திரா தார் நின்றுவிட்டது. மீட்பு வண்டிக்காரர் முன்பக்கத்தைத் தூக்கி, 2 எச்சில் வைத்தே இழுத்துவந்தார். கெடுதல் ஏதும் ஆகியிருக்குமா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: சில கிலோமீட்டர் மெதுவாக வந்திருந்தால் பெரிய சேதம் இருக்க வாய்ப்பு குறைவு, தொலைவு அதிகம் என்றால், கியர்பாக்ஸ் எண்ணெயை இறக்கி, அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பதிலில் சொன்ன அதே காரணம்தான்: பின்சக்கரம் சுழன்றால் மெயின் ஷாஃப்டும் சுழலும். தாரின் லீவரிலும் 4 எச்சுக்கும் 4 எல்லுக்கும் நடுவே 'என்' உண்டு. அடுத்த முறை ஃபிளாட்பெட் கேளுங்கள். அது வரவே வராத இடமென்றால், நின்ற இடத்திலிருந்து பாதுகாப்பான ஓரம் வரை மட்டும், அந்த 'என்'னில் வைத்து, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கலாமா?
(மிசிசாகா வாசகரே)

பதில்: வேண்டாம். பின்னால் தள்ளும்போது ஜீப்பின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாகச் சட்டென்று முழுக்கத் திரும்பி, டயர் பக்கவாட்டில் உரசி, டோ பார் வளைந்துவிடும். திரும்ப இடமில்லாத பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால், ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஜீப்பைக் கழற்றி, தனியே ஓட்டி வெளியே கொண்டுவந்து மறுபடி கட்டுங்கள். அப்போதும் அந்த ஐந்து வினாடிச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.